அந்தத் தண்ணீருக்கு ஆறு கிழமை கொடுங்கள்



இது நீளமான பதிவு. வாசிக்கப் பொறுமை இல்லாதவர்கள் தாராளமாகக் கடந்து போகலாம். ஆனால் அவர்கள் தயவுசெய்து கடல்மீன் தொட்டி மட்டும் வாங்க வேண்டாம்.

போன கிழமை எங்கள் விஞ்ஞானகூடத்து மீன் தொட்டியின் படத்தைப் போட்டிருந்தேன். உள்ளே தண்ணீர், மணல், காய்ந்த கல், செத்த இறால் ஒன்று. மீன் இல்லை. அதற்கு வந்த கருத்துகளைப் பார்த்திருப்பீர்கள். "சேர், இறால் கறியா?" என்று கேட்டவருக்கு நானும் சிரித்துவிட்டேன். "மீன் இல்லாத மீன் தொட்டி, பிள்ளை இல்லாத பள்ளிக்கூடம்" என்று எழுதியவருக்கும் கோபப்படவில்லை. கோபம் வந்தது மூன்றாவது ஆளுக்குத்தான். அவர் மீன் வியாபாரம் செய்பவர். "தம்பிமார்களே, இந்தக் கதைகளைக் கேட்டு ஏமாறாதீங்க. எங்களிட்ட ரெடித் தண்ணி இரிக்கி. காலையில தொட்டி, பின்னேரம் மீன்" என்று கீழே தொலைபேசி இலக்கத்தையும் போட்டிருந்தார். அதற்கு நாற்பது லைக்.

ஆகவே முழுக்கதையையும் எழுதுகிறேன்.

போன தவணையில் பழைய மாணவர்கள் சேர்ந்து எங்களுக்கு 100 லீற்றர் தொட்டி ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார்கள். நல்ல மனதோடு தந்தது, அல்லாஹ் அவர்களுக்குக் கூலி கொடுப்பானாக. ஞாயிறு பின்னேரம் ஒரு விற்பனையாளர் வந்து கேன் கேனாகத் தண்ணீர் ஊற்றினார். இதே "ரெடித் தண்ணி"தான். நீல லைற் போட்டார். திங்கள் காலை அதிதி வந்து ரிப்பன் வெட்டினார். எட்டு மீன்களைப் பொலித்தீன் பையோடு தொட்டிக்குள் இறக்கினார்கள். பிள்ளைகள் "நீமோ, நீமோ" என்று கத்தியது ஒபிஸ் வரைக்கும் கேட்டது. புதன்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. "பசியாக்கும்" என்று இன்னும் கொஞ்சம் சாப்பாடு போடப்பட்டது. தொட்டி கலங்கலாகத் தெரிகிறது என்று சிற்றூழியர் பில்டர் பஞ்சைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவி மாட்டினார். அவரில் பிழை இல்லை, யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வியாழன் மூன்று மீன், வெள்ளி இரண்டு. அடுத்த திங்கள் கதவைத் திறந்தபோது முதலில் வந்தது மணம்தான்.

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: "தண்ணி கண்ணாடி மாதிரித்தானே சேர் இரிந்திச்சு, பொறகு ஏன் எல்லாம் செத்துப் போன?"

எனக்குப் பதில் தெரியும். அதுதான் வெட்கம். வருடா வருடம் கரும்பலகையில் நைதரசன் வட்டத்தைக் கீறி, அம்புக்குறி போட்டு, பிள்ளைகளைப் பாடமாக்க வைப்பவன் நான். ரிப்பன் வெட்டும்போது கை தட்டியவர்களில் நானும் ஒருவன். "சேர், இதுக்கு ஆறு கிழமை வேணும்" என்று அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விழா நேரத்தில் குறுக்கே நிற்க மனம் வரவில்லை. எனவே இந்தப் பதிவில் முதல் குற்றவாளி நான்தான். மற்றவர்கள் எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கலாம்.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம்.

மீன் சாப்பிடுகிறது, கழிவு விடுகிறது, செவுளாலும் அமோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய சாப்பாடு அழுகினாலும் அமோனியா. அது கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீருக்குள் அது செவுளை எரித்துக்கொண்டிருக்கும். ஒரு வகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரேற்றை மீன் ஓரளவு தாங்கும். இந்த இரண்டு கூட்டமும் ஒரு புதுத் தொட்டியில் பெருகிப் போதுமான அளவு வர நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். வேகமாகப் பெருகுகிறவை இல்லை அவை. மிக மெதுவாகத்தான் பெருகும். நாங்கள் அவைக்குக் கொடுத்தது ஒரு இரவு.

கடல்மீனுக்கு இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. கடல்நீரின் பீஎச் 8.2 அளவில் நிற்கும். நடுநிலையான 7 இல் அமோனியாவின் பெரும்பகுதி அமோனியம் அயனாக இருப்பதால் அவ்வளவு கெடுதி செய்யாது. 8.2 இல் நச்சு வடிவத்தின் பங்கு பத்து மடங்குக்கு மேல் கூடிவிடும். அதனால் நன்னீர்த் தொட்டியில் கப்பி தாக்குப்பிடித்த அதே அழுக்கில் கடல்மீன் தாக்குப்பிடிக்காது. "எங்கட வீட்டில கப்பிக்கு ஒண்டும் செய்யல்ல, நல்லாத்தானே இரிக்கி" என்று எழுதிய சகோதரருக்கான பதில் இது.

இனி "ரெடித் தண்ணி".

அந்த வியாபாரி நானாவின் வாதத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அவர் கெட்டிக்காரர். "கடலில் மீன் ஆறு கிழமை காத்துக்கொண்டா இருக்கிறது? நான் கொண்டுவாறது கடல் தண்ணி. கடல் மீனைக் கடல் தண்ணிக்குள் போடுவதற்கு எதற்குக் காத்திருக்க வேணும்?" கேட்டவுடன் சரி போலத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பற்றீரியா தண்ணீரில் மிதந்துகொண்டு வாழ்வது மிகச் சொற்பம். அது ஒட்டிக்கொண்டு வாழ்கிறது, கல்லில், மணலில், பில்டர் பஞ்சில். கடலில் ஒரு மீனுக்கு எத்தனை ஆயிரம் லீற்றர் தண்ணீர், எவ்வளவு பாறை, எவ்வளவு மணல்! நீங்கள் கேனில் அள்ளி வந்தது கடலின் தண்ணீரை மட்டும். கடல் அங்கேயே நிற்கிறது. பத்து வருடம் ஓடிய தொட்டியின் தண்ணீரை ஊற்றினாலும் இதே கதைதான். ரெடியாக வேண்டியது கல்லும் மணலும். அதைக் கேனில் விற்க முடியாது, விற்பவருக்கும் அது தெரியும்.

அள்ளிய கடல்நீரிலும் ஒரு விசயம் உண்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் நிறைய. மூடிய கேனுக்குள் அவை செத்து ஒட்சிசனைக் குடித்து அமோனியாவைத் தரும். அதனால் கரையோரத்து ஆட்கள் கடல்நீரை உபயோகிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்களைப் போல கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு அது அல்லாஹ் தந்த வசதி. ஆனால் அள்ளும் இடமும் காலமும் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. மாரி காலத்தில் முகத்துவாரம் வெட்டியிருக்கும்போது அந்தப் பக்கம் அள்ளினால் பாதி வாவித் தண்ணீர், வயலில் அடித்த மருந்தும் கூடவே. மழை ஓய்ந்த காலத்தில், முகத்துவாரத்துக்கும் வாடிக்கும் தள்ளி, ஆழம் பார்த்து அள்ளுங்கள். துணியில் வடித்து, இருட்டில் இரண்டு கிழமை வைத்து, அடியில் படிந்ததை விட்டு மேலே உள்ளதை எடுங்கள். உவர்த்தன்மையை அளக்காமல் ஊற்றாதீர்கள்.

கடல் தூரமானவர்களுக்கு உப்புக் கலவை இருக்கிறது. அந்தப் பக்கட்டின் விலையைக் கேட்டதும் நம்மவர்கள் செய்வது என்ன? கடையில் ஒரு கிலோ சமையல் உப்பு. "உப்புத்தானே சேர், கடலிலிருந்து வந்த உப்புத்தானே."

ஆம், கடலிலிருந்து வந்ததுதான். ஆனால் புத்தளத்திலும் ஆனையிறவிலும் உப்பளத்தில் நடப்பது என்ன? பாத்தி பாத்தியாகக் கடல்நீரை வெயிலில் வற்ற விடுகிறார்கள். முதலில் கல்சியம் காபனேற்று படியும், பிறகு கல்சியம் சல்பேற்று. அதை விட்டுவிட்டு நீரை அடுத்த பாத்திக்கு மாற்றுகிறார்கள். அங்கே சோடியம் குளோரைட்டு பளிங்காகிறது, அதை வாருகிறார்கள். மகனீசியமும் பொற்றாசியமும் மிச்சக் கசப்பு நீரோடு போய்விடும். நல்ல உப்பு என்றால் அவை இல்லாத உப்பு, இருந்தால் கைக்கும். அதாவது உப்பளத்தின் முழு வேலையும் கடல்நீரில் உள்ள மற்ற எல்லாவற்றையும் பிரித்து எறிவதுதான்! கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 1300 மில்லிகிராம் மகனீசியமும் 400 மில்லிகிராம் கல்சியமும் இருக்கின்றன. பீஎச் தளம்பாமல் பிடித்து வைக்கும் இருகாபனேற்றும் இருக்கிறது. சமையல் உப்பைக் கரைத்தால் உவர்ப்பு வரும், அளவிமானியும் 35 என்று காட்டும், கடல் வராது. மேலே அயடீன் வேறு சேர்த்திருக்கும். இதையும் நாங்கள் வகுப்பில் படம் கீறித்தான் படிப்பிக்கிறோம். பரீட்சைக்கு எழுதுகிறார்கள், பிறகு வீட்டுக்குப் போய்க் கறி உப்பைப் போடுகிறார்கள்.

கலவை கலக்கும் முறையில் பெரிய வித்தை இல்லை. லீற்றருக்கு 35 கிராம் என்று தொடங்குங்கள், பக்கட்டில் கொஞ்சம் ஈரம் இருப்பதால் சிறிது கூடத் தேவைப்படும். தண்ணீருக்குள் உப்பைப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீரை ஊற்ற வேண்டாம், அப்படிச் செய்தால் கல்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும். ஒரு நாள் முழுக்க மோட்டரால் சுழல விடுங்கள். 25 பாகையில் சாரடர்த்தி 1.025, 1.026 அளவில் நிற்க வேண்டும். மிதவை அளவிமானியில் குமிழி ஒட்டியிருந்தால் பிழையாகக் காட்டும், தட்டிவிட்டுப் பாருங்கள்.

எந்தத் தண்ணீரில் கலப்பது? குழாய்த் தண்ணீரில் குளோரீன் இருக்கும், அது நம் நன்மைக்காகப் போடுவது, பற்றீரியாவைக் கொல்லத்தான் போடுகிறார்கள். (சிற்றூழியர் பஞ்சைக் கழுவியதும் என்ன நடந்திருக்கும் என்று இப்போது விளங்கும்.) ஒரு நாள் காற்றுக் குமிழி விட்டால் குளோரீன் போய்விடும், தயோசல்பேற்றுத் துளியும் போடலாம். கிணற்றுத் தண்ணீரை நம்பாதீர்கள். கற்பிட்டிப் பக்கம் உரம் இறங்கிய கிணறுகளின் நைத்திரேற்று ஊரறிந்த விசயம். நம்முடைய மணல் ஊர்களிலும் கிணறும் மலசலகூடக் குழியும் எவ்வளவு தூரம் என்று அவரவர் வளவைப் பார்த்தால் தெரியும். குடிக்க வாங்கும் ஆர்ஓ தண்ணீர்தான் நல்லது. தொட்டிக்கு ஒருமுறை, பிறகு கிழமைக்கு ஒரு கேன். வாங்கலாம்.

இதற்குப் பிறகுதான் அந்த இறால். தொட்டியில் அமோனியா வர ஏதாவது வேண்டும், மீனைப் போட்டு அதன் செவுளை எரித்து அதை உண்டாக்கத் தேவையில்லை. ஒரு பச்சை இறால் போதும். மணக்கும், அளவு பிடிபடாது. லாப்பில் அமோனியம் குளோரைட்டு இருக்கிறது, 80 லீற்றர் தண்ணீருக்கு அரைக் கிராம் போட்டால் லீற்றருக்கு 2 மில்லிகிராம் அமோனியா கணக்காக வரும். ஆனால் வீட்டில் லாப் இல்லாத பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காக இறாலை வைத்தோம். அமோனியா ஏறும், பிறகு இறங்கும். நைத்திரைற்று ஏறும், பிறகு இறங்கும். 2 மில்லிகிராம் அமோனியா போட்டு 24 மணித்தியாலத்துக்குள் இரண்டும் பூச்சியத்துக்கு வந்தால் தொட்டி தயார். போத்தல் பற்றீரியா விற்கும் தம்பிமாருக்கும் இதே பரீட்சைதான். உங்கள் போத்தல் நல்லதென்றால் ஆறு கிழமை மூன்றாகக் குறையலாம், எனக்குச் சந்தோசம். மாதக் கணக்கில் வெயில் கடையில் கிடந்த போத்தலென்றால் பரீட்சை காட்டிக் கொடுத்துவிடும். லேபலை நம்பி மீனைப் போடாதீர்கள்.

கல்லைப் பற்றிச் சுருக்கமாக. கடலில் முருகைக்கல் உடைப்பது சட்டப்படி குற்றம். "ஒரு சின்னத் துண்டுதானே" என்று யாராவது கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள். காய்ந்த கல்லில் பற்றீரியா பிடிக்க நாள் கூட எடுக்கும், அவ்வளவுதான்.

தண்ணீரை ஆயத்தப்படுத்துவது பாதி. மற்றப் பாதியில்தான் நல்லவர்களும் தவறுகிறார்கள். எங்கள் வெக்கையில் தொட்டி நாளுக்கு ஒரு லீற்றர் வற்றும், விசிறி போட்டால் இன்னும் கூட. வற்றியது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கிறது. அந்த இடத்துக்குக் கடல்நீரை ஊற்றினால்? பத்து நாளில் பத்து லீற்றர், 350 கிராம் உப்பு கூடுதலாக. 100 லீற்றரில் 35 ஆக இருந்தது 38.5. ஒரு மாதத்தில் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், தினமும், கண்ணாடியில் கோடு கீறி வைத்து. தண்ணீர் மாற்றும்போது மட்டும்தான் உப்புத் தண்ணீர். நைத்திரேற்றைச் சாதாரண பில்டர் எடுக்காது. கிழமைக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் மாற்றுங்கள், புதுத் தண்ணீரை முதல் நாளே கலந்து, வெப்பநிலையும் உவர்ப்பும் ஒன்றாக்கி. பில்டர் பஞ்சை அந்த வெளியே எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். பளிச்சென்று வர வேண்டியதில்லை.

வெப்பம். கடல்நீர் நன்னீரை விட ஐந்திலொரு பங்கு குறைவாகத்தான் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும், சூடேறினால் இன்னும் குறையும். 31 பாகை தாண்டும் அறையில் மேற்பரப்பு அசையாமல் நின்றால் இரவோடு மீன் போய்விடும். 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். பற்றரியில் ஓடும் காற்று மோட்டர் ஒன்று இல்லாத வீட்டில் கடல்மீன் வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

தொடங்குகிறவர்கள் சின்னத் தொட்டிதான் சுகம் என்று 30 லீற்றர் வாங்குகிறார்கள். தண்ணீர் குறையக் குறைய ஒவ்வொரு பிழையும் பெரிதாகும். நம் மத்ரசாவில் இரண்டு குல்லத்துத் தண்ணீரைப் பற்றி ஓதினோமே, ஏறக்குறைய 200 லீற்றர். அந்த அளவு இருந்தால் சிறு அசுத்தம் விழுந்தாலும் நிறம், மணம், சுவை மாறாதவரை தாங்கும் என்று. ஃபிக்ஹ் வேறு, மீன் தொட்டி வேறு, யாரும் ஃபத்வா கேட்டு இன்பொக்ஸ் வர வேண்டாம். ஆனால் பள்ளிவாசல் ஹவ்ழ் ஏன் அவ்வளவு பெரிது என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன்.

இனி "அது மீன்தானே சேர், மனிசனே சாகிற நாட்டில" என்று எழுதியவருக்கு. பூனையைக் கட்டிப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நீங்களும் என்னைப் போலவே வெள்ளிக்கிழமை குத்பாவில் கேட்டிருப்பீர்கள், அதை நான் உங்களுக்கு ஓதிக்காட்டத் தேவையில்லை. இன்னொன்றைச் சொல்கிறேன். கப்பியும் கோல்ட் பிஷ்ஷும் பண்ணையில் வளர்வன. கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்றும் முருகைக்கற்பாறையில் பிடிக்கப்படுபவை. எங்கள் கரையிலிருந்து சுழியோடிகள் உயிரைப் பணயம் வைத்துப் பிடித்து, அந்த மீன் உலகம் முழுக்கப் போகிறது. 1998 இல் கடல் சூடேறி எங்கள் பாறைகள் வெளுத்துச் செத்ததை மூத்த மீனவர்களிடம் கேளுங்கள். அந்தப் பாறையில் மிஞ்சியதிலிருந்து எட்டை எடுத்துவந்து ஒரு ரிப்பனுக்காக ஒரு கிழமையில் கொன்றோம். வியாபாரிக்கு அது நட்டமும் இல்லை. மீன் செத்தால் நீங்கள் மறுபடி அவரிடம்தான் போவீர்கள். "காலையில தொட்டி, பின்னேரம் மீன்" என்ற அந்த விளம்பரத்தில் மூன்றாவது வரி ஒன்று எழுதாமல் விடப்பட்டிருக்கிறது: அடுத்த கிழமை திரும்ப மீன்.

எல்லா வியாபாரியும் அப்படி இல்லை. "நாற்பது நாள் கழிச்சு வாங்க, அதுக்கு முதல் மீன் தர மாட்டன்" என்று என்னைத் திருப்பி அனுப்பிய ஒரு தம்பியும் நம் பக்கத்தில்தான் இருக்கிறார். அவர் கடையில் கூட்டம் இல்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

பெற்றோருக்கும் அதிபர்மாருக்கும் ஒரு கோரிக்கை. திறப்பு விழா வேண்டுமென்றால் வெறும் தொட்டிக்கு வையுங்கள். அதிதி வந்து இறாலைப் போடட்டும். ஏன், அது பிழையா? பிள்ளைகளுக்கு அன்றிலிருந்து ஆறு கிழமைப் பாடம் கிடைக்கும்.

எங்கள் தொட்டிக்கு இன்று 23 ஆவது நாள். அமோனியா அரை மில்லிகிராமுக்கு இறங்கிவிட்டது, நைத்திரைற்று இன்னும் கடும் ஊதா. தினமும் இடைவேளையில் அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைதான் குழாயில் துளி விட்டு நிறம் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறது. நேற்று என்னிடம், "சேர், மீன் வாங்கப் போகக்குள்ள என்னையும் கூட்டிட்டுப் போங்க, தண்ணியப் பத்தி நான் அவரிட்டக் கேக்கணும்" என்றது. இன்ஷா அல்லாஹ் கூட்டிக்கொண்டு போவேன்.

யாருக்காவது தொட்டித் தண்ணீரைச் சோதிக்க வேண்டுமென்றால் சுத்தமான சின்னப் போத்தலில் கொண்டுவாருங்கள். பாடசாலை நாட்களில் அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். காசு இல்லை. மீன் போடுவதற்கு முதல் வாருங்கள்.